நகரத்து நீரூற்றில் தலை முழுகியது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவள் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியது பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த லீவுத் துண்டுகள்தான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஒருத்தி பத்திரிகைக்கு எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். முன்பொரு முறை இந்தப் பக்கத்தில் ஒரு சகோதரி, கோடை காலத்தில் ஐரோப்பிய நகரமொன்றைச் சுற்றிப் பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தார். படகுச் சவாரி, ஐஸ்கிரீம், பூந்தோட்டம் என்று வாசிக்கவே ஆசையாக இருந்தது. நானும் அப்படியொரு நகரத்தில் ஒரு கோடையைக் கழித்தவள்தான். ஆனால் நான் கண்டது வேறு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முந்திய ஆடி மாதத்தில், ஜேர்மனியில். நகரத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெயரைப் போட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் வீடு வன்னியில், நெடுங்கேணிக்குப் பக்கத்தில், காட்டோரம். வயலும் கொஞ்சம் மேட்டுக்காணியும் இருக்கிறது. மகளைக் கட்டிக் கொடுத்தது ஜேர்மனிக்கு. அவளுக்கு முதல் பிள்ளை பிறக்க இருந்தது. பிள்ளைப்பெறு பார்க்கத்தான் நான் போனேன்.

இப்போது ஊரில் யாராவது பிள்ளைகளிடம் வெளிநாடு போவதென்றால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லுவேன். அங்கேயும் வெயில் இருக்கிறது, அதை இலேசாக எண்ணாதீர்கள். வயலில் நின்ற உடம்புதானே என்று நானும் நினைத்தேன். ஆனால் அங்கே வீடுகளில் மின்விசிறி இல்லை. பகலில் யன்னலைத் திறந்தால் அனல் உள்ளே வரும். விடியப்புறம் திறந்து வைத்துவிட்டு, வெயில் ஏற முதல் சாத்திவிட வேண்டும். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளிக்கிட வேண்டாம். செருப்பைவிடச் சப்பாத்து நல்லது, ஏனென்றால் நடை அதிகம். ட்ராமில் ஏறினால் டிக்கெட்டை மெசினில் குத்த மறக்கக்கூடாது. களைத்தால் எந்தத் தேவாலயத்துக்குள்ளும் போய் இருக்கலாம். கல்லுக் கட்டடம், உள்ளே குளிர்மை. யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். பொழுதை நம்ப வேண்டாம், எங்கள் ஊரில் எல்லாரும் படுத்த பிறகும் அங்கே வெளிச்சமாக இருக்கும்.

இன்னும் இரண்டு இடங்களையும் சொல்லுவேன். ஒன்று சவக்காலை, செத்தவர்களைப் புதைக்கிற இடம். மற்றது நகரத்து நடுவில் உள்ள நீரூற்று. இந்த இரண்டும் எனக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். மகள் பிறக்க முதலே ஜேர்மனிக்குப் போய், இப்போது மகள் இருக்கிற அதே நகரத்தில் இருந்தவன். சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் வேலை செய்தான். யுத்தத்தால் வன்னிக்கு வருகிற பாதை பூட்டியிருந்த காலத்தில், ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனான். செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அவனோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதர்தான் முன்னுக்கு நின்று எரித்தவர். அந்த நாட்டில் சாம்பலை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்களாம், சவக்காலையில்தான் மண்ணுக்குள் தாழ்க்க வேண்டுமாம். ஊருக்கு அனுப்பவும் வழியில்லை. அங்கேயே தாழ்த்து, பெயர் எழுதிய ஒரு சின்னக் கல்லும் வைத்தார். சாம்பல் எப்படியும் வந்து சேரும், கடலில் கரைக்கலாம் என்று அம்மா பார்த்திருந்தா. அந்த எண்ணத்தோடேயே அவவும், யுத்தம் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் கண்ணை மூடினா.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அழுதுகொண்டு வளவு வாசல் படலைவரை போவோம், அங்கிருந்து திரும்பிவிடுவோம். அப்பாவுக்குப் படலையோடு, அம்மாவுக்கு முகாம் வாசலோடு. யுத்தத்தின் கடைசி மாதங்களில் செத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சுடலையைப் பார்த்ததில்லை.

மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பிள்ளைக்குச் சில நாட்களான நேரத்தில் தம்பியின் அந்தச் சிநேகிதர் தொலைபேசி எடுத்தார். அவர் இப்போது வேறு நகரத்தில் இருக்கிறார். இடுப்பு ஒப்பரேஷன் செய்து வீட்டோடு கிடந்தார்.

“அக்கா, நீங்கள் இந்த நேரத்தில வந்தது நல்லதாப் போச்சு,” என்றார். “தம்பியைத் தாழ்த்த இடத்துக்கு வாடகைக் காலம் முடிஞ்சுதாம். இந்தக் கோடைக்குள்ள கல்லைத் தூக்கிப்போட்டுப் புல்லு விதைச்சிடுவாங்கள். இந்த நாட்டுச் சட்டம் அப்பிடி.”

“நீட்ட ஏலாதோ?”

“ஒருக்கா நீட்டினாச்சு அக்கா. இனி ஏலாதாம். நான் நடக்கக்கூடிய ஆளெண்டா நானே உங்களைக் கூட்டிக்கொண்டு போவன். போய் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ.”

அன்று சாப்பிடும்போது மெல்லமாகக் கதையை எடுத்தேன். மகள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, உங்களுக்கு என்ன விசரே? பச்சைப்பிள்ளை கிடக்கிற வீடு. சவக்காலைக்குப் போயிட்டு வந்து பிள்ளையைத் தூக்கப் போறியளே?”

மருமகன் அவளைப்போல் சத்தம் போடுகிறவர் அல்ல. “மாமி, குறை நினைக்காதேங்கோ,” என்றார். “பிள்ளை பிறந்த துடக்குக் கழியட்டும். நானே காரில கூட்டிக்கொண்டு போறன். எங்கட பொம்பிளையள் உப்பிடியான இடங்களுக்குப் போறேல்லைத்தானே.”

“அதுக்குள்ள கல்லை எடுத்துப்போடுவாங்களாம்,” என்றேன்.

“கல்லை எடுத்தாலும் மண் அங்கதானே மாமி கிடக்கும்.”

அவர் சொன்னது நியாயம்தான். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அந்த இடத்துக் காற்றைக் கொண்டுவரக்கூடாது என்று நம்புகிறவள் நானும்தான். ஊரில் வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் முதலில் ஏசுகிறவள் நானாகத்தான் இருந்திருப்பேன். ஆனால் மண் மண்தானே என்று என்னால் விட முடியவில்லை. அவனுடைய பெயர் எழுதின ஒன்று இந்த உலகத்தில் அந்தக் கல் மட்டும்தான். ஊரில் அவனுடைய படங்கள்கூட இடம்பெயர்வில் போய்விட்டன. அந்தப் பெயரைத் தூக்கிப்போட முதல் ஒரு தரம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தது போவதா விடுவதா என்று அல்ல. போய்விட்டு எப்படி வீட்டுக்குள் வருவது என்றுதான். ஊரென்றால் கிணறு வளவுக்குள் இருக்கும். செத்த வீட்டுக்குப் போனவர்கள் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவார்கள். மகளின் வீடு மாடியில். கதவைத் திறந்ததும் பிள்ளை படுக்கிற அறை, அதைத் தாண்டித்தான் குளிக்கிற அறை. முழுகாமல் அந்தக் கதவால் உள்ளே போக என் கால் வராது.

அப்போதுதான் நீரூற்று ஞாபகம் வந்தது. பிள்ளை பிறக்க முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் என்னை நகரம் காட்டக் கூட்டிப் போனார். நடு நகரத்தில் ஒரு பெரிய கல்லு முற்றம். அதில் நிலத்துக்குள்ளிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு மேலே எழும்பும், பிறகு அடங்கும், திரும்ப எழும்பும். சின்னப் பிள்ளைகள் உடுப்போடு ஓடித் திரிந்தார்கள். பெரியவர்களும் சிலர் நனைந்துகொண்டு நின்றார்கள். “கோடை முழுக்க இப்பிடித்தான் மாமி. ஆரும் நனையலாம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்,” என்று அவர்தான் சொன்னார்.

அடுத்த நாள் காலை, பத்தியக் கறிக்கு வேர்க்கொம்புச் சுக்கும் மிளகும் முடிந்துவிட்டது, தமிழ்க் கடைக்குப் போய்வருகிறேன் என்று மகளிடம் சொன்னேன். அது பொய்யில்லை, உண்மையாகவே முடிந்திருந்தது. கடைக்குப் போகும் வழி எனக்குப் பழக்கம். வெளிக்கிட முதல் ஒரு சின்னப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டேன். எங்கள் மேட்டுக்காணியில் விளைந்த கறுப்பு எள்ளு. துடக்குக் கழிந்த பிறகு மகளுக்கு எள்ளுப்பாகு செய்து கொடுக்கலாம் என்று ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தேன். செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது ஆண்கள் செய்கிற வேலை. எங்களுக்கு அவனை விட்டால் ஆண் பிள்ளை இல்லை.

கடையில் சாமானை வாங்கிக்கொண்டு, சிநேகிதர் சொன்ன இலக்க ட்ராமில் ஏறினேன். வாழ்நாளில் முதல் தடவையாக அறியாத ஊரில் தனியாகப் போகிறேன். ஒவ்வொரு தரிப்பிலும் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு போனேன். எள்ளுப் பொட்டலம் இருந்த கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தேன். பை களவு போய்விடுமோ என்று நான் பயப்படுவதாகப் பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார்.

சவக்காலை வாசலில் கால் கொஞ்சம் நின்றது. பிறகு உள்ளே போனேன்.

நான் மனதில் வைத்திருந்த இடம் அது அல்ல. வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே காட்டுக்குள் நுழைந்தது போல் இருந்தது. பெரிய பெரிய மரங்கள். மரத்தடியில் கிடந்த நீள வாங்கில்களில் ஆட்கள் இருந்து புத்தகம் வாசித்தார்கள். ஒரு இளம் தாய் கைக்குழந்தையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு நிழலில் நடந்தாள். அந்தப் பிள்ளை நல்ல நித்திரை. நான் நின்று அவளைப் பார்த்தேன். அவள் எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

சிநேகிதர் பழைய படமொன்றைத் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தார். தம்பியின் கல்லும், அதற்குப் பக்கத்தில் புறா செதுக்கின இன்னொரு கல்லும் அதில் இருந்தன. தண்ணீர்க் குழாயடியால் போகிற பாதை என்று சொல்லியிருந்தார். அப்படியான பாதை எல்லாப் பக்கமும் இருந்தது. வெகுநேரம் அலைந்தேன். கடைசியில் குழாயடியில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா பூவாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நின்றா. யாரிடமும் போய்க் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று படத்தை நீட்டிவிட்டேன்.

அவ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. திரும்பப் படத்தைப் பார்த்துவிட்டு, வா என்று கையைக் காட்டினா.

புறா செதுக்கின கல் இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்புப் பூக்கள். பக்கத்தில் கல் இல்லை. புதிதாக முளைத்த புல்லு மட்டும், மற்றப் புல்லைவிடக் கொஞ்சம் வெளிறின பச்சையாக.

அந்த அம்மா இரண்டு கையாலும் எதையோ தூக்கி எடுப்பது போல் காட்டினா. எனக்கு விளங்கியது. கோடைக்குள் என்று சிநேகிதர் சொன்னார். அவர்கள் கோடை வர முதலே எடுத்துவிட்டார்கள்.

நான் அழவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். தொட்டுப் பார்க்க வந்த கைக்குத் தொட ஒன்றும் இல்லை. அந்த அம்மா புறாக் கல்லைத் தொட்டு, தன் விரலில் கிடந்த மோதிரத்தைக் காட்டினா. அவவின் கணவர் போல. பிறகு பூவாளியைச் சரித்துத் தன் பூக்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்து, அப்படியே கொஞ்சம் தள்ளித் தம்பியின் பக்கத்துக்கும் விட்டுக் காட்டினா. இப்படித்தான் எப்போதும் விடுகிறனான் என்று சொன்னாவோ, இனி விடுகிறேன் என்று சொன்னாவோ, எனக்குப் பாஷை தெரியாது. ஏதோ கனக்கச் சொன்னா. இரண்டு தரம் கையை நெஞ்சில் வைத்தா.

நான் குந்தி இருந்து புல்லை விலக்கினேன். பொட்டலத்தை அவிழ்த்து எள்ளை இறைத்தேன். என்ன சொல்லி இறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய பெயரை மட்டும் சொன்னேன். அம்மாவின் பெயரையும் சொன்னேன்.

அந்த அம்மா குனிந்து பார்த்தா. நான் பூ விதை போடுகிறேன் என்று நினைத்துவிட்டா. முகம் மலர்ந்து, விரலால் மண்ணைக் கிளறி எள்ளை மூடினா. பூவாளியை என் கையில் தந்து, ஊற்று என்று காட்டினா. ஊற்றினேன். எள்ளும் தண்ணீரும் அப்படித்தான் நடந்தது. மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல் என் முதுகில் தட்டினா. இது விதைப்பு இல்லை என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. சொல்லவும் மனம் வரவில்லை.

வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ட்ராமில் யாருக்கும் பக்கத்தில் இருக்காமல் கதவடியிலேயே நின்று நடு நகரத்துக்கு வந்தேன். கைப்பையையும் தொலைபேசியையும் சப்பாத்தையும் வாங்கிலில் வைத்துவிட்டு, கல்லு முற்றத்தின் கரையில் நின்றேன். எத்தனை சனம். ஊர்க் குளத்தில்கூட ஆம்பிளைகள் நின்றால் திரும்பி வந்துவிடுகிறவள் நான். பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு, சேலையோடு உள்ளே போனேன்.

நின்றால் தண்ணீர் இடுப்புவரைதான் வந்தது. தலை நனைய வேண்டும். எனவே குந்தி இருந்து தலையைக் குனிந்தேன். தண்ணீர் சீறி வந்து முகத்தில் அடித்தது, தலைக்கு மேலால் போனது. அடங்கியதும் பொறுத்திருந்து திரும்பவும் குனிந்தேன். எனக்குப் பின்னால் ஒரு தமிழ்க் குரல் கேட்டது.

“அன்ரி, சவுக்காரம் கொண்டு வரேல்லையோ?”

எங்கள் பொடியன்கள் சிலர், கையில் குளிர்பானத்தோடு நின்றார்கள்.

“டேய், ஊர்க் குளமெண்டு நினைச்சிட்டா போல கிடக்கடா.”

“எடு, எடு, வீடியோ எடு. வன்னிக் குளிப்பு!”

சிரித்தார்கள். வேறு நாளென்றால் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். அன்று எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. உச்சந்தலை நனைந்ததா இல்லையா என்பதுதான் எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. இன்னொரு தரம் முழுகிவிட்டுத்தான் எழும்பினேன். வெயிலிலேயே குந்தி இருந்து சேலையைக் காயவிட்டேன். அந்த வெயிலுக்குச் சேலை காய்ந்துவிட்டது. தலைமயிர் காயவில்லை.

வீட்டு மாடிப்படி ஏறினால், மருமகன் கதவுக்கு வெளியே நின்றார். வேலையால் நேரத்தோடு வந்திருந்தார். முகம் கறுத்திருந்தது. தொலைபேசியை என் பக்கம் நீட்டினார். அதில் ஓடின வீடியோவுக்குள் நான் குனிந்து எழும்பிக்கொண்டிருந்தேன்.

“மாமி, இதென்ன கோலம்? சிநேகிதன் ஒருத்தன் அனுப்பியிருக்கிறான். உங்கட மாமியெல்லோ எண்டு கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?”

“குளிச்சனான்,” என்றேன்.

“வீட்டில குளிக்க இடமில்லையே மாமி? ஏன் ரோட்டில போய்…”

அதோடு நிறுத்திவிட்டார். என் தலையைப் பார்த்தார். சப்பாத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். உள்ளே பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது. நான் கதவிலிருந்து எட்ட நின்றேன். போ என்று அவர் சொல்லியிருந்தால் படியிலேயே இருந்திருப்பேன்.

தொலைபேசியை இறக்கிக்கொண்டு, “கண்டனீங்களே?” என்று கேட்டார்.

“கல்லை எடுத்துப்போட்டாங்கள். புல்லுத்தான் கிடக்கு.”

அவர் தொலைபேசியில் அந்த வீடியோவை அழித்தார். என் கையிலிருந்த கடைப்பையை வாங்கினார்.

“தலை முழுகிட்டுத்தானே வந்தனீங்கள்,” என்றார். “உள்ள வாங்கோ மாமி.”

தலை ஏன் ஈரம் என்று மகள் கேட்டாள். “வெயிலுக்குப் பவுண்டனில நனைஞ்சிட்டு வந்திருக்கிறா. வெள்ளைக்காரியாயிட்டா உன்ர கொம்மா,” என்று மருமகன் பகிடியாகச் சொன்னார். அவளும் சிரித்தாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால் தெரியவரும். ஏசினால் கேட்டுக்கொள்கிறேன்.

ஊருக்கு வந்த பிறகு மேட்டுக்காணியில் எள்ளு விதைக்கும்போதெல்லாம் அந்த அம்மாவை நினைக்கிறேன். எள்ளுக்குக் கனக்கத் தண்ணீர் விட்டால் அழுகிவிடும். அதை அவவுக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். முளைத்ததோ, புல்லு வெட்டுகிற மெசினில் போனதோ தெரியாது. கோடைக்குப் போகிறவர்கள் கேட்டால், சவக்காலை குளிர்மையான இடம், பயப்படாமல் போய் இருங்கோ என்று மட்டும் சொல்லுகிறேன். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில், யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு இடம் எங்கே என்று இன்னும் தெரியாமல் இருக்கிறார்கள். எனக்குக் கல் இல்லாவிட்டாலும் ஒரு துண்டு நிலமாவது இருந்தது என்று நினைத்து மனதைத் தேற்றப் பார்க்கிறேன், அது தேறுவதில்லை.

நான் நீரூற்றில் முழுகிய மறுநாள் காலையிலிருந்து மழை. பிள்ளையைக் குளிப்பாட்டினேன், வேர்க்கொம்பு அரைத்துப் பத்தியக் கறி வைத்தேன். ஒருவரும் வெளியே போகவில்லை.